ஆரையம்பதியிலிருந்து டவுனுக்கு சைக்கிளில் 40 நிமிடம்: இது மெதுவா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வாசிக்க வருபவர்களுக்கும் விளங்கும். வீடு ஆரையம்பதியில், வேலை மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவுக்குள், வாசலிலிருந்து வாசல் 9 கிலோமீற்றர். சைக்கிள் பழைய லுமாலா, கியர் கிடையாது. காலையில் 40 நிமிடம் எடுக்கிறது. போனில் இருக்கிற செயலி சராசரி வேகம் மணிக்கு 15.4 கிலோமீற்றர் என்று காட்டுகிறது, கையால் கணக்குப் போட்டால் 13.5 தான் வருகிறது. இணையத்தில் ஆட்கள் 25, 28 என்று எழுதுகிறார்கள். 'நான் இவ்வளவு மெதுவா அண்ணா, கியர் சைக்கிள் வாங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் போகலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெதுவே இல்லை. கியர் இல்லாத சைக்கிளில், வேலைக்குப் போகும் உடுப்போடு, முதுகில் பையோடு, காத்தான்குடிக்குள்ளால் வருகிற ஒருவருக்கு 13.5 நல்ல கணக்கு. நான் செங்கலடிப் பக்கமிருந்து டவுனுக்கு ஒரு வழிக்கு 17 கிலோமீற்றர் உழக்குகிறேன், 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய்த் தொடங்கியது, பெற்றோல் வந்த பிறகும் விடவில்லை. முதல் மாதம் ஒரு மணி 20 நிமிடம் எடுத்தது. இப்போது ஒரு மணி ஐந்து நிமிடம். அதாவது 12.7 இலிருந்து 15.7 க்கு வந்திருக்கிறேன், அதற்கு மேல் ஏறவும் இல்லை, ஏற்றுகிற ஆசையும் போய்விட்டது. ஏன் போய்விட்டது என்பதைத்தான் கீழே எழுதப் போகிறேன்.

முதலில் அந்த 15.4 க்கும் 13.5 க்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் சரிதான். செயலி நீங்கள் நிற்கும் நேரத்தைக் கழித்துவிடும், ஸ்ட்ராவா மாதிரியானவை சில்லு உருண்ட நேரத்துக்கு மட்டும் சராசரி பார்க்கும். 15.4 இல் 9 கிலோமீற்றர் ஓட 35 நிமிடம் போதும். மிச்ச ஐந்து நிமிடம் எங்கே? படலை திறந்தது, சந்தியில் நின்றது, பாதசாரிக் கடவையில் பிள்ளைகளை விட்டது, கந்தோர் வாசலில் சைக்கிளைப் பூட்டியது. இணையத்தில் 25, 28 என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த உருண்ட நேரக் கணக்கைத்தான் போடுகிறார்கள், அதுவும் நல்ல நாளுடையதை. கந்தோரில் நேரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு அந்த எண் எதற்கும் உதவாது. மணிக்கூட்டைப் பார்த்து வாசலிலிருந்து வாசல்வரை எடுத்த நேரத்தை எழுதுங்கள், அதுதான் உங்களுடைய வேகம்.

வெளி உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒப்பிடுவோம். 2022 இல் பிலிப்போ கன்னா என்ற இத்தாலிக்காரர் ஒரு மணித்தியாலத்தில் 56.792 கிலோமீற்றர் ஓடிச் சாதனை வைத்தார், அது மூடிய ஓடுபாதையில், உடம்போடு ஒட்டிய உடுப்பில், அதற்கென்றே செய்த சைக்கிளில். அவரை விடுங்கள். உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர்போன கோப்பன்ஹேகனில் நகரசபை போடுகிற கணக்கில் சராசரி வேகம் 15, 16 என்றுதான் வருகிறது. அங்கே நோரப்ரோ என்ற பகுதியின் பெரிய வீதியில் சிக்னல் விளக்குகளைச் சைக்கிள்காரருக்காக ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், 20 இல் ஓடினால் பச்சைக்கு மேல் பச்சையாகக் கிடைத்துக்கொண்டே வரும். தனிப் பாதையும் விளக்கும் குளிர் காலநிலையும் உள்ள ஊரிலேயே 20 ஐத்தான் நல்ல ஓட்டம் என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் மின்சாரச் சைக்கிளுக்கே 25 க்கு மேல் மோட்டார் உதவக்கூடாது என்பது சட்டம்.

அடுத்தது உங்கள் சைக்கிள். கியர் இல்லாத சைக்கிளுக்கு ஒரு இயற்கையான வேகம் உண்டு, அதை நீங்கள் தெரிவுசெய்வதில்லை, பல்லுத்தான் தெரிவுசெய்கிறது. என்னுடையதில் ஒருநாள் குந்தியிருந்து எண்ணினேன்: பெடலோடு சேர்ந்த பெரிய பற்சக்கரத்தில் 44, பின் சில்லின் ஃபிரீவீலில் 18. பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சில்லு கிட்டத்தட்ட இரண்டரைத் தரம் சுற்றும். 26 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் கூட ஓடும், ஆக ஒரு மிதிச் சுற்றுக்கு ஐந்து மீற்றர். நிமிடத்துக்கு 50 தரம் உழக்கினால் 15, 60 தரம் உழக்கினால் 18. பழக்கமுள்ள ஆள் எதையும் யோசிக்காமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உழக்குவது இந்த 50 க்கும் 60 க்கும் இடையில்தான். நீங்கள் சொன்ன 15.4 ஏன் வந்தது என்று இப்போது விளங்கும். உங்கள் சைக்கிளிலும் எண்ணிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை, கையில் கொஞ்சம் கிறீஸ் பிரளும், அவ்வளவுதான்.

இதற்கு மேல் வேகம் கூட்டப் போனால் காற்று நிற்கிறது. காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடாது, வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, நிமிர்ந்து இருந்து ஓட்டுகிற சைக்கிள், மட்டமான தார் ரோடு, காற்று இல்லை என்று வைத்து நான் போட்ட கணக்கில் 15 இல் போக 60 வாட் அளவு வேண்டும், 20 இல் போக 110, 25 இல் போக 180. உங்கள் 9 கிலோமீற்றரை 15 இல் ஓடினால் 36 நிமிடம், 20 இல் 27 நிமிடம். ஒன்பது நிமிடத்தை மிச்சம் பிடிக்க உழைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதோடு உடம்பு ஒரு மோசமான எஞ்சின், காலுக்குப் போகிற சக்தியைப்போல மூன்று மடங்கு சூடாகத்தான் வெளியே வரும். மாசி பங்குனியிலே தொடங்கி ஆவணி புரட்டாதிவரை நம்முடைய பக்கத்து வெயிலில் 20 இல் உழக்கிப் பாருங்கள், ஒன்பது நிமிடம் முந்திப்போய், சேட் காய்கிற மட்டும் பதினைந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே நிற்பீர்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை எந்தச் செயலியும் கழிக்காது.

இப்போது நம்முடைய காற்று. இதைத்தான் வெளியூர் ஆட்களின் பதில்களில் தேடினாலும் கிடைக்காது. மட்டக்களப்பில் ஏற்றம் இறக்கம் என்று ஒன்றும் இல்லை, மலைக்குப் பதிலாக நமக்குக் காற்று. மணிக்கு 10 கிலோமீற்றர் காற்று என்பது பெரிய காற்றில்லை, தென்னோலை ஆடும், மரம் ஆடாது. ஆனால் அது முகத்துக்கு நேரே வந்தால் 15 இல் போவதற்கு, காற்றில்லாத நாளில் 20 இல் போகிற உழைப்பு வேண்டும். வரும்போது அதே காற்று பின்னால் தள்ளுமே, சரிக்குச் சரி என்று நினைப்போம். சரியாகாது. போகும்போது 12, வரும்போது 20 என்றால் சராசரி 16 என்று மனம் சொல்லும், கணக்கு 15 என்று சொல்லும், ஏனென்றால் மெதுவான பக்கத்தில்தான் அதிக நேரம் கழிக்கிறோம்: 45 நிமிடம் போக, 27 நிமிடம் வர.

உங்கள் பாதையில் இதன் கொடுமையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லடிப் பாலம். ஆரையம்பதியிலிருந்து கல்லடிவரை ரோடு கரையோடு வடக்குப் பார்த்துப் போகிறது, பாலத்தில் மட்டும் மேற்கே திரும்புகிறோம், வாவிக்கு மேலே, மறைப்புக்கு ஒரு வேலிகூட இல்லை. வைகாசி தொடங்கிக் கச்சான் வீசுகிற மாதங்களில் காலையில் அந்தச் சூட்டுக் காற்று மேற்கேயிருந்து முகத்தில் அடிக்கும். சரி, பின்னேரம் திரும்பும்போது முதுகில் தள்ளும் என்று ஆறுதல்பட்டால், மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிடும், அது கிழக்கேயிருந்து வரும், திரும்பவும் முகத்தில். ஒரே பாலத்தில் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. பழைய இரும்புப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பவர்களின் நரம்பு எந்தப் பக்கம் வளைந்து நிற்கிறது என்று பாருங்கள், காற்றுமானி அதுதான். 1924 இல் கட்டிய அந்தப் பாலத்தில் ஒரு வாகனம் வந்தால் மற்றது நிற்கவேண்டும், பஸ் ஏறிவிட்டால் சைக்கிள்காரர் கம்பியோடு ஒட்டிக்கொண்டு போவார். 2013 இல் புதுப் பாலம் திறந்தபிறகு அந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் காற்றுக்குப் பாலம் புதிதா பழையதா என்ற வித்தியாசம் இல்லையே. பாலத்தில் 10, 11 க்கு இறங்கினால் கவலைப்படாதீர்கள். முந்நூறு மீற்றர்கூட இல்லை, பல்லைக் கடித்து உழக்கினாலும் மிச்சம் பிடிக்கிறது அரை நிமிடம்.

மார்கழி வாடைக்கு வேறு கணக்கு. அது வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவது, காலையில் ஆரையம்பதியிலிருந்து வருகிற உங்களுக்கு முழுப் பாதையிலும் எதிர், பின்னேரம் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். அந்த மாதத்தில் காலைக்கு ஆறேழு நிமிடம் கூட்டி வையுங்கள். மழையும் அப்போதுதான். இரும்பு றிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், பிடித்தால் நிற்கிற தூரம் நீண்டுவிடும், ஆகவே மழையில் 12 க்கு மேல் போகிறவருக்கு நான் புத்திசாலி என்று சொல்லமாட்டேன்.

இடையில் நிற்கிற நேரம் பற்றி. உங்கள் ஒன்பது கிலோமீற்றரில் ஓட்டம் கிடைக்கிற இடம் மஞ்சந்தொடுவாய் தாண்டி நாவற்குடா, கல்லடி. காத்தான்குடிப் பிரதான வீதி, நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கிற துண்டு, பார்க்க வடிவு, காலையில் ஓட்டத்துக்கு ஆகாது. கடைக்காரர் சாமான் இறக்குவார், ஓட்டோ திரும்பும், மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாப்பா ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் பறப்பார். அங்கே 10, 12 தான். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குவதால் ஏழிலிருந்து ஏழரைவரை இந்த ரோடு முழுக்கக் கொதிக்கும், கல்லடியில் சிவானந்தாப் பக்கமும் அப்படித்தான், கோட்டைமுனையில் சொல்லவே வேண்டாம். உங்கள் வேலை எட்டரைக்கு என்றால் ஏழேகாலுக்கு வெளிக்கிடாதீர்கள். ஒன்றில் ஆறரைக்குப் போங்கள், அல்லது ஏழு முப்பத்தைந்துக்கு வெளிக்கிடுங்கள். ஒரே கால், ஒரே சைக்கிள், நாலைந்து நிமிடம் குறையும். எந்தக் கியரும் இவ்வளவு மலிவாக இவ்வளவு நிமிடம் தராது.

என்னுடைய பக்கத்தில் நெரிசல் குறைவு, அங்கே பிரச்சினை கட்டாக்காலி மாடு. மயிலம்பாவெளி, தன்னாமுனை, சத்துருக்கொண்டான் துண்டில் விடியப்புறம் தார் ரோட்டின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும். கறுத்த மாடு, கறுத்த ரோடு, எதிரே வருகிற லொறியின் வெளிச்சம் கண்ணில். இருட்டில் என் வேகம் மாட்டைக் கண்டபிறகு நிற்கக்கூடிய வேகம், அது எத்தனை என்று நான் அளந்ததே இல்லை.

ரயருக்கு வருவோம், இதை நான் கடைசிவரை அசட்டை பண்ணினேன். 15 இல் ஓடுகிற ஆளின் உழைப்பில் காற்றுக்குப் போவது பாதிக்குக் குறைவு, பாதிக்கு மேல் ரயர் அமுங்கி எழும்புவதற்கே போய்விடும். வேகமாக ஓடுகிறவனுக்குத்தான் காற்று எதிரி, நம்மைப்போன்ற ஆட்களுக்கு மெத்தென்ற ரயர்தான் எதிரி. இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. தொடங்கி மூன்றாம் மாதம், முழங்கால் நோகிறது, ஒருவேளை வயது போய்விட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, செயின் மாற்றலாம் என்று செங்கலடியில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் செயினைத் தொடவில்லை. பின்சில்லைப் பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினார், விரல் உள்ளே போனது. 'என்ன மனே, சில்லுக்குள்ள காத்த அடிச்சயா, தண்ணிய ஊத்தினயா?' என்றார். அடித்து, சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டார், மட்காட்டில் எங்கேயோ உரசி நின்றது, அதையும் நிமிர்த்தினார், பிரேக் கட்டை ஒன்று றிம்மோடு ஒட்டியிருந்தது, அதையும் தளர்த்தினார். பிறகு மறுபடி சுற்றினார், சில்லு தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை. 'மறுகா வந்து செயின் மாத்து' என்றார். அடுத்தநாள் ஏழு நிமிடம் குறைந்தது. செயின் இன்னும் அதேதான்.

எவ்வளவு காற்று என்பது ரயரின் ஓரத்தில் எழுதியிருக்கும், அதில் சொன்ன மேல் எண்ணுக்குக் கிட்ட வைத்திருங்கள். ரியூப் ஓட்டையில்லாவிட்டாலும் காற்று தானாகக் குறையும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு பின்னேரம் என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அடியுங்கள். சீற்றையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடிந்திருக்க வேண்டும். நம்முடைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இரண்டு காலும் நிலத்தில் முட்டவேண்டும் என்று சீற்றைத் தாழ்த்திவைத்து, முழங்கால் நெஞ்சில் முட்ட உழக்குகிறார்கள். இரண்டு அங்குலம் உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

ஆக, காற்று அடித்து, உரசல் எடுத்து, சீற்றை உயர்த்தி, பள்ளிக்கூட நேரத்தை விலத்தினால் உங்கள் 40 நிமிடம் 34, 35 க்கு வரும் என்று நினைக்கிறேன். அரை மணி என்பது சராசரி 18, நிற்கிற நேரத்தையும் சேர்த்து. அதற்கு ரோட்டில் 20, 21 இல் ஓடவேண்டும். காற்றில்லாத ஒரு நாளில் முடியும், ஒவ்வொரு நாளும் முடியாது. வெளிக்கிடுகிற நேரத்தைச் சராசரியை வைத்து முடிவுபண்ணாதீர்கள். மூன்று கிழமை எழுதிவைத்து, அதில் ஆகக் கூடின நேரத்தை வைத்து முடிவுபண்ணுங்கள். எனக்குச் சராசரி ஒரு மணி ஐந்து, ஆனால் வெளிக்கிடுவது ஒரு மணி 20 நிமிடம் முந்தி. மிஞ்சினால் பிளேன்ரீ.

கியர் சைக்கிள் கேட்டீர்கள். கியர் வேகத்தைத் தராது, எதிர்க்காற்றில் காலுக்கு இலேசாக்கித் தரும், பாலத்தில் ஆறுதலாக இருக்கும், மட்டமான ரோட்டில் அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. தடித்த மலைச் சைக்கிள் ரயரோடு வருவதை வாங்கினால் லுமாலாவைவிட மெதுவாகவும் போகக்கூடும். மெல்லிய ரயர், வளைந்த ஹாண்டில் உள்ள றேசிங் சைக்கிள் என்றால் உண்மையாகவே வேகம் கூடும், ஏனென்றால் குனிந்து காற்றுக்கு ஒளிக்கிறோம். நானும் ஒன்று வாங்கினேன், கொழும்பிலிருந்து வந்த பழையது. 17 கிலோமீற்றரை 52 நிமிடத்தில் ஓடினேன், 19.6, அன்றைக்கு அந்த எண்ணை மனைவிக்கு, தம்பிக்கு, கந்தோரில் காவலாளிக்கு எல்லாம் காட்டினேன். ஒரு வழிக்கு 13 நிமிடம் மிச்சம். இரண்டாம் கிழமை நெருஞ்சி முள்ளு ஏறியது, ஒட்டுப் போடுகிற கடைவரை உருட்டிக்கொண்டு நடந்ததில் 40 நிமிடம், மூன்று தரம் ஓடி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு முள்ளோடு போனது. நாலாம் கிழமை வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது முன்சில்லு மணலுக்குள் புதைந்தது, சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. உங்கள் வீடும் கடற்கரைப் பக்கத்து மணல் ஒழுங்கைக்குள் என்றால் யோசித்து வாங்குங்கள். அந்தச் சைக்கிள் இப்போது எங்கள் கோடிப்புறத் தாவாரத்தில் தொங்குகிறது, மாரியில் துவாய் காயப்போட நல்ல வசதி.